ஃபிளமெங்கோ பாட்டுக்குக் கிட்டார்: புதிதாகப் பழகுபவர் எங்கிருந்து தொடங்கலாம்

தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாப் பகுதி இசையான ஃபிளமெங்கோவில் கிட்டார் பக்கம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிட்டார் மேதை பாக்கோ தெ லூசியாவின் தனி வாசிப்பைக் கேட்டு மயங்கித்தான் வருகிறார்கள். ரஸ்கியாதோ, பிக்காதோ என்று விரல் பயிற்சிகளை மாதக்கணக்கில் சாதகம் செய்து, நாலைந்து ஃபல்செத்தாக்களை, அதாவது பாட்டுக்கு நடுவே கிட்டார் தனியாக வாசிக்கும் துண்டுகளை, மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். பாடுகிறவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் கை அப்படியே நின்றுவிடும். எப்போது கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து, மாற்றுவது, எப்போது சும்மா இருப்பது, அவர் இழுத்துக்கொண்டே போனால் என்ன செய்வது, ஒன்றும் புரியாது. இந்த இசையில் மூலம் பாட்டுதான், கிட்டார் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. பாடகனாக வேண்டும் என்பதுதான் தன் ஆசையாக இருந்தது என்று பாக்கோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே பக்கவாத்தியம் வாசிக்க ஆசை இருந்தால், கொஞ்ச நாள் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

சில சொற்கள் மட்டும் தெரிந்திருந்தால் போதும். பாட்டு கான்தே, பாடுகிறவர் கான்தாவோர், பெண் என்றால் கான்தாவோரா. கிட்டார் வாசிப்பு தோக்கே. தாளச் சுற்று கொம்பாஸ். சோலேயா, செகிரியா, டாங்கோஸ், ஃபண்டாங்கோ என்று பாட்டு வகைகள் ஏகப்பட்டவை உண்டு, ஒவ்வொன்றும் ஒரு பாலோ. ஒரு பாடல் பத்தி லெத்ரா, அதில் ஒரு வரி தெர்சியோ. ஹெரேஸ், செவில்லா, காதிஸ், உத்ரேரா என்று ஆந்தலூசியாவில் ஊருக்கு ஊர் பாணி மாறும், அதை இப்போதே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

முதலில் கிட்டாரே இல்லாத பாட்டைக் கேளுங்கள். தோனா, மர்தினேத்தே என்று சில வகைகளைத் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில்தான் பாடுவார்கள். மர்தினேத்தேயைக் கொல்லர் பட்டறையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம், பதிவுகளில் பட்டறைக்கல்லில் சுத்தியல் தட்டும் ஓசையும் சில நேரம் கேட்கும். ஹெரேஸ் பாடகர் மனுவேல் அகுஹெத்தாஸ் பாடிய மர்தினேத்தே ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். முதல் தடவை கரடுமுரடாக, ஏன், அழுகிற மாதிரிகூட இருக்கும். மறுபடி போடுங்கள். வார்த்தை புரியாதது இந்த இடத்தில் நல்லதுதான், ஏனென்றால் கவனம் முழுக்கக் குரல் போகும் பாதையில் இருக்கும். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த ஸ்வரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கிறார், எங்கே விழுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அந்த விழுகிற இடம்தான் உங்களுக்கு வேண்டியது. பெரும்பாலான கான்தேயில் வரி முடிவு மேலிருந்து இறங்கி வந்து, ஆதார ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் மேலே தயங்கி, அப்புறம் ஆதாரத்தில் விழும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: தோடியின் ஏழு ஸ்வரங்கள்தான், சுத்த ரிஷபத்தில் தயங்கி ஷட்ஜத்துக்கு வருகிறது. கிட்டாரில் அதுவே எஃப் கார்டிலிருந்து ஈ கார்டுக்கு இறங்குவது. ஈ மேஜரில் அந்தர காந்தாரம் இருப்பதால் சில இடங்களில் வகுளாபரணத்தின் சாயலும் அடிக்கும். ஒப்பீட்டை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கமகம் வேறு, நடை வேறு, தோடி என்று நினைத்துக்கொண்டே கேட்டால் காது தவறான இடத்தில் தோடியைத் தேட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது தாளம். இதுவும் கிட்டார் இல்லாமல், கைதட்டியே. சோலேயாவுக்கு 12 எண்ணிக்கை, அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல். மெதுவாக 1 முதல் 12 வரை வாய்விட்டு எண்ணி, அந்த ஐந்து இடங்களில் மட்டும் உரக்கத் தட்டுங்கள், பாதம் தரையில் சீராக விழட்டும். பதிவைப் போட்டு அதன் மேல் தட்டிப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும்: இசை வாக்கியம் 10-இல் முடிந்துவிடுகிறது, 11-உம் 12-உம் மூச்சு விடும் இடம். செகிரியாவுக்கும் மொத்தம் 12-தான், ஆனால் ஐந்து சமமில்லாத அடிகளாக, 2, 2, 3, 3, 2 என்று வரும். குறில், குறில், நெடில், நெடில், குறில் என்று சொல்லிப் பழகினால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். புலெரியாஸ் என்ற பாலோவும் 12-தான் என்று கேள்விப்பட்டு உடனே அதில் குதிக்காதீர்கள். வேகம் அதிகம், பாடுகிறவர் அரைச் சுற்றில் நிறுத்திவிட்டு அடுத்த அடியைத் தொடங்குவார், புதியவர் அங்கேயே தொலைந்துபோவார். டாங்கோஸ் நாலடித் தாளம், கையை இறக்கிக்கொள்ள அது நல்லது.

கார்டு விஷயத்துக்கு வருவோம். ஃபிளமெங்கோ கிட்டாரில் முக்கியமாக இரண்டு வீடுகள். ஒன்று போர் அர்ரிபா: ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கி ஈ-யில் குடியிருப்பது. இன்னொன்று போர் மேதியோ: டி மைனர், சி, பி ஃப்ளாட், ஏ என்று இறங்கி ஏ-யில் குடியிருப்பது. இரண்டும் ஒரே இறக்கம்தான், கை வைக்கும் இடம் வேறு, அதனால் ஒலிக்கும் தந்திகள் வேறு, நிறமும் வேறு. சோலேயா வழக்கமாக முதல் வீட்டில், செகிரியாவும் டாங்கோஸும் இரண்டாவதில். பாடுகிறவரின் சுருதிக்குச் சரிசெய்வது செஹிய்யாவின் வேலை, நாம் கேப்போ என்கிறோமே, கிட்டார் கழுத்தில் தந்திகளை அழுத்தி மாட்டும் கவ்வி, அதுதான். "அல் த்ரெஸ் போர் மேதியோ" என்று ஒரு பாடகர் சொன்னால், மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டு ஏ வடிவத்தில் வாசி என்று அர்த்தம். இது ஒன்று தெரியாமல்தான் பல பேர் முதல் சந்திப்பிலேயே விழிக்கிறார்கள்.

பாட்டுக்கு வாசிக்க முதலில் எந்தப் பாலோவை எடுப்பது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சோலேயாதான் தாய், அதில் தொடங்கு என்பவர்கள் அதிகம். என் யோசனை வேறு: ஊல்வா மாகாணத்து ஃபண்டாங்கோவில் தொடங்குங்கள். காரணம், அதன் கார்டு வரைபடம் நிலையானது. யார் பாடினாலும் ஏறக்குறைய ஒரே பாதை. காது எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவதால், பாடுகிறவரைக் கவனிக்க மூளையில் இடம் மிச்சமிருக்கும்.

ஃபண்டாங்கோ லெத்ராவில் நாலு அல்லது ஐந்து வரி இருக்கும், திரும்பப் பாடும் வரியையும் சேர்த்து ஆறு தெர்சியோக்களாகப் பாடுவார்கள். நடுவில் வரும் கிட்டார் பகுதி ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று சுற்றிக்கொண்டிருக்கும். குரல் நுழைந்ததும் நிலம் மாறி சி மேஜருக்கு வந்துவிடும். முதல் வரி முடியும்போது சி. இரண்டாவது வரி முடிவில் எஃப். மூன்றாவதில் மறுபடி சி. நாலாவதில் ஜி. ஐந்தாவதில் சி. ஆறாவது வரி எஃப்-க்கு வந்து, அங்கிருந்து ஈ-யில் இறங்கிப் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு கார்டுக்கும் முன்னால் அதன் ஏழாம் கார்டைத் தொட்டுக்கொண்டு போகலாம், சி-க்கு முன் ஜி7, எஃப்-க்கு முன் சி7, ஜி-க்கு முன் டி7 என்று. தொடக்கத்தில் அது இல்லாமலே நன்றாக இருக்கும்.

நான் "முடியும்போது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனியுங்கள். மேற்கத்திய பாப் பாட்டில் வரி தொடங்கும்போது கார்டு மாறுவது நமக்குப் பழக்கம். இங்கே பாடுகிறவர் வரியின் கடைசி அசையில் ஒரு ஸ்வரத்தில் போய் அமர்கிறார், அந்த இடத்தில் நீங்கள் கார்டோடு நிற்க வேண்டும். முந்தினால் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஒரு இழை பிந்தினால் பரவாயில்லை, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பயிற்சி இப்படி. ஊல்வாவின் அலோஸ்னோ ஊர்க்காரர் பாக்கோ தொரோன்ஹோ, 1928-இல் பிறந்து 1998-இல் மறைந்தவர், இந்த வகைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசான் கிடைக்க மாட்டார். அவர் பாடிய ஒரு ஃபண்டாங்கோவை, ஒரே ஒரு லெத்ராவை மட்டும் வெட்டி எடுத்து, வாய்க்குள் முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொண்டால் சரி. அடுத்து, கிட்டார் இல்லாமலே ஒவ்வொரு வரி முடிவிலும் கார்டின் பெயரை வாயால் சொல்லுங்கள்: சி, எஃப், சி, ஜி, சி, எஃப்–ஈ. அது தடுக்காமல் வந்த பிறகு கிட்டாரை எடுத்து, வரி முடிவில் ஒரே ஒரு தடவை கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுங்கள், மற்ற நேரம் கை சும்மா இருக்கட்டும். ஆறு வரி, ஆறேழு இழுப்பு, அவ்வளவுதான். இது சரியாக விழுந்த பிறகு மூன்று மூன்றாக நடக்கும் அந்தத் தாளத்தைக் கையில் சேருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கை முதலில் தாளத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது, காது பின்னாலேயே இரைத்துக்கொண்டு ஓடுகிறது.

இந்த வரைபடம் கைவந்தால் கிடைக்கும் லாபம் பெரியது. தாளக் கட்டு இல்லாமல் இழுத்துப் பாடும் ஃபண்டாங்கோ நத்துராலுக்கும் இதே ஆறு கார்டு, மலகேன்யாவுக்கும் இதே. கிரனாயினாவில் பி-யை வீடாக வைத்து லெத்ரா ஜி, சி, ஜி, டி, ஜி, சி–பி என்று போகும். சுரங்கத் தொழிலாளர் பாட்டான தரந்தாவில் எஃப் ஷார்ப் வீடு, டி, ஜி, டி, ஏ, டி, ஜி–எஃப் ஷார்ப். ஒன்றைக் கற்றால் ஒரு குடும்பமே வந்து நிற்கிறது. இந்தத் தாளமில்லாத வகைகளில் எண்ணிக்கை கைகொடுக்காது, பாடுகிறவரின் மூச்சையும் வாயையும் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். அதனாலேயே கச்சேரியில் அவர் முகம் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள்.

சரி, சோலேயா. இதற்குக் கேட்க வேண்டிய ஜோடி உத்ரேராவின் பாடகி ஃபெர்னான்தா (1923–2006), மோரோனின் கிட்டார்காரர் தியேகோ தெல் கஸ்தோர் (1908–1973). ஃபெர்னான்தாவின் குரல் கரகரப்பானது, உச்சத்தில் கிட்டத்தட்ட உடைந்துபோகும். தியேகோ கடினமான எதையும் வாசிப்பதில்லை என்று முதலில் தோன்றும், பெரும்பாலும் கட்டைவிரல்தான். ஆனால் அவர் எங்கே வாசிக்காமல் இருக்கிறார் என்று கேளுங்கள். கிட்டார் சின்ன முன்னுரை போடும், ஃபெர்னான்தா "ஆய்" என்று குரலைச் சூடேற்றுவார், அது சலிதா. அப்போது கிட்டார் தாளத்தை மட்டும் அடங்கிய ஒலியில் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஆய் தணிந்து குரல் மூச்செடுக்கும் இடைவெளியில் இரண்டு மூன்று ஸ்வரத்தில் ஒரு பதில். மறுபடி அடக்கம். லெத்ரா தொடங்கும், வரி 10-இல் வந்து உட்காரும், மிச்சமிருக்கும் அந்த 11, 12-இல் கட்டைவிரல் ஒரு சொல் பேசும். அதைத் தாண்டி நீட்டாது. குரல் பாடிக்கொண்டிருக்கும்போது ஃபல்செத்தா வாசிப்பது பேசுகிறவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம், லெத்ராவுக்கும் லெத்ராவுக்கும் நடுவில்தான் அதற்கு இடம், அதுவும் பாடகர் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காக.

கார்டு என்று பார்த்தால், அடிப்படைச் சுற்றில் 3-இல் எஃப்-க்குப் போய் 10-இல் ஈ-க்குத் திரும்புவது தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். லெத்ராவின் முதல் வரிகள் ஈ, எஃப், ஏ மைனர் வட்டாரத்திலேயே சுற்றும். பின்பாதியில் குரல் மேலே எழும்பும்போது பல சோலேயாக்கள் ஜி7 வழியாக சி-க்கு மாறும், அந்த மாற்றத்தைத் தவறவிட்டால் பாடுகிறவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் எஃப், ஈ. அல்கலாவுக்கு ஒரு மெட்டு, காதிஸுக்கு ஒரு மெட்டு, செவில்லாவின் த்ரியானா பகுதிக்கு ஒன்று என்று சோலேயாவிலேயே நிறைய இருப்பதால், சி எப்போது வரும் என்பதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல முடியாது, அந்தந்த லெத்ராவைப் பாடத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று லெத்ராக்களை மனப்பாடமாகப் பாடத் தெரிந்தவர், ஐம்பது ஃபல்செத்தா தெரிந்தவரைவிடப் பாடகருக்கு உபயோகமானவர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாடுகிறவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கையைத் தாண்டிப் போய்விட்டால்? பதற வேண்டாம். இருக்கும் கார்டிலேயே இன்னொரு முழுச் சுற்றை மெதுவாக வாசியுங்கள், அவர் அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொள்வார். தாளத்தை வளைத்து அவரை எட்டிப் பிடிக்கப் பார்த்தால்தான் இருவரும் விழுவீர்கள்.

பதிவுகளோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒரு நடைமுறைத் தொல்லை. பழைய இசைத்தட்டுகளின் சுருதி நம் ட்யூனர் சொல்லும் சுருதியோடு பொருந்தாது, இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே எங்கோ நிற்கும். கேப்போவை மாற்றி மாற்றிப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல், கிட்டாரையே அந்தப் பதிவுக்கு ஏற்பத் தந்தி முறுக்கிக்கொள்ளுங்கள், அல்லது சுருதியை மாற்றித் தரும் செயலி ஏதாவது போனில் போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கவும் அதுவே உதவும்.

இன்னும் யாரைக் கேட்பது? அந்தோனியோ மைரேனாவுக்கு மெல்ச்சோர் தெ மர்ச்சேனா வாசித்தவை, கனமான செகிரியாவுக்கு அதுதான் இலக்கணம். தெர்ரெமோத்தோவுக்கு மனுவேல் மொராவோ வாசித்த ஹெரேஸ் பாணி. பாடகர் கமரோனும் பாக்கோவும் 1969 முதல் சேர்ந்து வெளியிட்ட முதல் சில ஆல்பங்கள், பாக்கோவின் வேகத்துக்காக இல்லை, குரல் நுழைந்ததும் அவர் எப்படி ஒதுங்குகிறார் என்பதற்காக. ஹோசே மெர்சேவுக்கு மொராயித்தோ வாசித்தது பிற்காலத்துக்கு நல்ல உதாரணம். கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றால், ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சி 1971 முதல் 1973 வரை ஒளிபரப்பிய 'ரித்தோ இ ஹியோகிராஃபியா தெல் கான்தே' என்ற கறுப்பு வெள்ளைத் தொடரை இணையத்தில் தேடுங்கள். வீட்டிலும் மதுக்கடையிலும் உட்கார்ந்து பாடுகிறவர்களை அருகிலிருந்து எடுத்திருப்பார்கள், தியேகோவும் அதில் வருகிறார். ஒலியை அணைத்துவிட்டுக் கிட்டார்காரரின் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள், தன் இடது கையை அவர்கள் பார்ப்பதே அபூர்வம்.

கிட்டாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நைலான் தந்தி போட்ட எந்தக் கிட்டாரிலும் இதையெல்லாம் பழகலாம். விரலால் பலகையைத் தட்டும் கோல்பே வாசிப்பதானால் மேல் பலகையில் தட்டுத் தகடு ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாலிஷ் போய்விடும். சைப்ரஸ் மரத்து ஃபிளமெங்கோ கிட்டார் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாட ஆள் இல்லையே என்பதுதான் ஸ்பெயினுக்கு வெளியே இருக்கும் எல்லாருடைய புலம்பலும். நீங்களே முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வாசிப்பதுதான் முதல் வழி, இதுவரை சொன்ன பயிற்சியெல்லாம் அதற்குத்தான். ஹெரேஸ், செவில்லா ஆசிரியர்கள் பலர் இணையத்தில் வகுப்பு எடுக்கிறார்கள், ஆனால் வீடியோ அழைப்பில் ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாது. பாடி அனுப்பச் சொல்லி அதன் மேல் வாசித்து, திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். ஆந்தலூசியாவுக்கே போக வாய்த்தால், ஊர்தோறும் பென்யா என்ற ரசிகர் மன்றங்கள் உண்டு. அங்கே போய்க் கிட்டாரை வெளியே எடுக்காதீர்கள். பாட்டு நடக்கும்போது பேச்சுமூச்சு இருக்கக் கூடாது, நம் சபாஷ் மாதிரியான "ஓலே"யை எங்கே சொல்வது என்று தெரியும்வரை அதையும் சொல்ல வேண்டாம், தப்பான இடத்தில் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

யாராவது உங்களைப் பார்த்து வாசிக்கச் சொல்லிவிட்டால், இரண்டு கேள்வி போதும்: என்ன பாலோ, கேப்போ எத்தனையில். அவர் சொன்ன ஃப்ரெட்டில் போட்டு, அந்தப் பாலோவின் தாளத்தைச் சின்னதாக ஒன்றிரண்டு சுற்று வாசித்துச் சுருதியைக் காட்டுங்கள். சுருதி ஒத்துவரவில்லை என்றால் அவரே விரலால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சைகை காட்டுவார், சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். தெரிந்த ஃபல்செத்தாவை எல்லாம் முன்னுரையிலேயே கொட்டிவிட வேண்டாம், அவர் பாட வாயைத் திறந்தபடி காத்திருப்பார்.